பாண்டு மாஸ்டர்களின் பாலபாடம்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டுப் புறப்படும் மனிதன், பெட்டி படுக்கையோடு கண்ணுக்குப் புலப்படாத ஒரு மூலதனத்தையும் சுமந்தே செல்கிறான். அது அவன் இளமையில் கற்ற வித்தை. நம் பாட்டன்மாரும் தந்தைமாரும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் டில்லிக்கும் ரயிலேறிய காலத்தில், அவர்களுள் பலருடைய மூலதனம் சுருக்கெழுத்தும் தட்டெழுத்துமாகவே இருந்தது. கும்பகோணத்திலும் திருநெல்வேலியிலும் பாலக்காட்டிலும் மாடி அறைகளில் நடைபெற்ற தட்டெழுத்துப் பயிற்சி நிலையங்களே வடநாட்டுக் காரியாலயங்களின் கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிட்டன. இது நம் இல்லங்கள்தோறும் சொல்லப்படும் கதை.

ஏறத்தாழ அதே காலத்தில், இன்று மும்பை என வழங்கும் அந்தப் பம்பாய் நகருக்கு மேற்குக் கடற்கரையிலிருந்து மற்றொரு சமூகத்தாரும் பிழைப்பு நாடி வந்து சேர்ந்தனர். கோவாவின் கிராமங்களிலிருந்து வந்த கொங்கணி பேசும் கிறிஸ்தவர்கள் அவர்கள். சமையற்காரராகவும் கப்பல் பணியாளராகவும் தையற்காரராகவும் பலர் வேலை பார்த்தனர். ஒரு பகுதியினர் மட்டும் வேறொரு வித்தையைக் கொண்டுவந்தனர். ஐந்து கோடுகளின்மேல் புள்ளியிட்டு எழுதப்படும் மேனாட்டு ஸ்வரக்குறிப்பே அது. சுருக்கெழுத்து நமக்குச் சோறிட்டதுபோல அந்த ஸ்வர எழுத்து அவர்களுக்குச் சோறிட்டது. பம்பாயின் பெரிய ஹோட்டல்களில் அரங்கேறிய நடனப் பாண்டுகளையும், பின்னர் ஹிந்தித் திரைப்படங்களின் வாத்திய கோஷ்டிகளையும் பெரும்பாலும் அவர்களே நடத்தினர்.

அந்தப் பாண்டுத் தலைவர்கள் யார், அவர்கள் எங்கே, யாரிடம் பாலபாடம் பயின்றார்கள் என்பதை இக்கட்டுரையில் ஆராய விழைகிறோம். நாம் சங்கீத சாஸ்திரம் பயின்றவர் அல்லோம். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்த்துப் பிள்ளைகளை வளர்ப்பவர். ஆயினும் அவர்களுடைய வரலாற்றில் நம்போன்ற குடும்பங்களுக்கு ஒரு செய்தி உண்டு என்று கருதியே எழுதத் துணிந்தோம்.

பெரிய பாண்டு என்பது யாது?

பாண்டு வாத்தியம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது கல்யாண ஊர்வலத்தில் சிவப்புச் சட்டையணிந்து முழங்கிச் செல்லும் கோஷ்டியே. நாம் இங்கே குறிப்பிடுவது வேறு. 1920-களில் அமெரிக்காவில் உருவாகி, 1930-களிலும் 1940-களிலும் உலகெங்கும் பரவிய ஜாஸ் வாத்தியக்குழு இது. ட்ரம்பெட், ட்ராம்போன், சாக்ஸபோன் ஆகியவற்றை ஊதுவோர் வரிசை வரிசையாக அமர்ந்திருக்க, பியானோவும் கித்தாரும் பெரிய பாஸ் வாத்தியமும் டிரம்மும் தாளக்கட்டைத் தாங்கி நிற்கும். மொத்தத்தில் பன்னிரண்டு முதல் பதினேழு பேர் இருப்பார்கள்.

நம் கச்சேரியில் பாடகர் முன்னே செல்வார். பிடில்காரர் செவியால் கேட்டு உடனே பின்தொடர்வார். அங்கே காகிதத்துக்கு வேலை இல்லை. ஆனால் பதினைந்து பேர் ஒரே சமயத்தில் வெவ்வேறு ஸ்வரங்களை ஊதி, அவை யாவும் இசைந்து ஒரே நாதமாக ஒலிக்க வேண்டுமாயின், ஒவ்வொருவர் மனம்போன போக்கிலும் விட்டுவிட இயலாது. விட்டால் சந்தைக் கூச்சலாகிவிடும். ஆகையால் ஒவ்வொருவர் முன்னிலும் அவரவர்க்குரிய பகுதி எழுதப்பட்ட காகிதம் இருக்கும். நடுநடுவே ஒருவர் எழுந்து நின்று தம் கற்பனையைக் காட்டலாம். ஏனையோர் எழுதியதையே வாசிப்பார்கள். எனவே பாண்டுக்குத் தலைமை தாங்குபவர் வாசிக்க வல்லவராக இருந்தால் மட்டும் போதாது. படிக்கவும் எழுதவும் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுக்கவும் வல்லவராக இருத்தல் வேண்டும்.

இந்த வித்தையை அமெரிக்காவில் புகழடைந்தோர் கற்ற விதத்தைச் சற்றுப் பார்ப்போம். 1901-ஆம் ஆண்டு நியூ ஆர்லியன்ஸ் நகரில் வறுமையில் பிறந்தவர் லூயி ஆம்ஸ்ட்ராங். 1913-இல் அவரைச் சிறுவர் சீர்திருத்த இல்லத்தில் சேர்த்துவிட்டனர். அங்கிருந்த பீட்டர் டேவிஸ் என்ற ஆசிரியரே அவர் கையில் கார்னெட் வாத்தியத்தைக் கொடுத்துப் பயிற்றினார். 1909-இல் சிக்காகோவில் பிறந்த பென்னி குட்மன், ரஷ்யப் பேரரசிலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோரின் மகன். பத்து வயதளவில் அவரும் அவர் சகோதரர்களும் பாடம் கேட்கச் சென்ற இடம் அவர்கள் சமூகத்தின் ஜெபாலயம். பின்னர் ஹல் ஹவுஸ் என்னும் பொதுநல நிலையத்தின் சிறுவர் பாண்டில் அவர் சேர்ந்தார். அந்தப் பிள்ளையே 1938 ஜனவரியில் நியூயார்க் கார்னகி மண்டபத்தில் பெரிய பாண்டுடன் மேடையேறியவர். குட்மனின் வீட்டில் செல்வம் இல்லை. அவர் சமூகம் அவருக்கு ஒரு வாத்தியாரை வைத்திருந்தது. கோவாவின் கதையும் இத்தகையதே.

மேஸ்திரி நடத்திய பள்ளி

கோவா 1510 முதல் 1961 வரை போர்த்துகீசியர் வசம் இருந்தது. அக்காலத்தில் ஊர்த் தேவாலயத்தைச் சார்ந்த சிறு பள்ளிகளில் எழுத்தும் எண்ணும் போலவே சங்கீதமும் பாடமாக இருந்தது. ஆராதனையில் பாடவும் பிடில் வாசிக்கவும் ஆட்கள் வேண்டும் என்பதே அதன் நோக்கம். கற்பித்தவரை மெஸ்த்ரே என்று அழைத்தனர். நம் ஊரில் கட்டட வேலையில் தலைமை வகிப்பவரை மேஸ்திரி என்கிறோம் அன்றோ? அச்சொல்லும் இந்தப் போர்த்துகீசியச் சொல்லிலிருந்து வந்ததே.

இந்த மேஸ்திரி, பையன் கையில் முதலில் வாத்தியத்தைக் கொடுப்பதில்லை. நாம் ஸரிகம பாடுவதுபோல, எழுதியுள்ள ஸ்வரத்தைப் பார்த்துத் தோ, ரே, மீ என்று வாயால் பாடக் கற்பிப்பார். கண் கண்டதை வாய் பிழையின்றிப் பாடும் வரையில் அந்தப் பாடம் நடைபெறும். அதன் பின்னரே பிடில் வரும். பிறகு ஊதும் வாத்தியங்கள் வரும். திருவிழாக் காலத்தில் பையன்கள் ஊர்ப் பாண்டில் சேர்ந்து வாசிப்பார்கள்.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த மேஸ்திரிக்கு ஜாஸ் என்பது தெரியாது. பம்பாய் ஹோட்டலின் பளிங்குத் தரையை அவர் மிதித்திருக்க மாட்டார். தேவாலயத்துக்கு ஒரு பாடகன் வேண்டும் என்று எண்ணியே அவர் கற்பித்தார். கற்றவனோ அந்த எழுத்தைக் கொண்டு தன் காலம் கேட்ட சங்கீதத்தையெல்லாம் வாசித்தான். ஊமைப்படக் காலத்தில் கொட்டகைகளில் திரைக்கு முன் அமர்ந்து வாசித்தான். சமஸ்தானப் பாண்டுகளில் வாசித்தான். கப்பல்களிலும் கிளப்புகளிலும் வாசித்தான்.

பம்பாய்க்கு வந்தவர்கள் தங்குவதற்கும் அச்சமூகம் ஒரு வழி செய்திருந்தது. தோபி தலாவ், மஜ்காவ் முதலிய பகுதிகளில் அவரவர் கிராமத்தின் பெயரால் கூட் என்னும் பொது விடுதிகள் ஏற்பட்டன. குறைந்த வாடகைக்கு ஒரு டிரங்குப் பெட்டி வைக்கவும் பாய் விரிக்கவும் இடம் கிடைக்கும். மாலையில் அனைவரும் கூடி ஜெபமாலை சொல்லுதல் கட்டாயம். கப்பலுக்குக் காத்திருப்பவனும் பாண்டில் இடம் தேடுபவனும் அங்கே அடுத்தடுத்துப் படுத்திருப்பார்கள். மாதுங்காவின் மெஸ்களை அறிந்த நமக்கு அந்த விடுதிகளின் பயனை விளக்கத் தேவையில்லை.

தலைவர்கள் சிலர்

பம்பாய் தாஜ் ஹோட்டலுக்கு 1935-இல் லியோன் ஆபி என்பவரின் ஆப்பிரிக்க-அமெரிக்க ஜாஸ் குழு வந்து சேர்ந்தது. அவரைத் தொடர்ந்து கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்டு ஆகியோரும் வந்தனர். சிக்காகோவில் பேர்பெற்ற பியானோ வித்வான் வெதர்ஃபோர்டு. பின்னர் கல்கத்தாவில் பாண்டு நடத்தி, 1945-இல் அந்நகரிலேயே வாந்திபேதி கண்டு மாண்டார். இவர்கள் வாசித்ததைக் கேட்டும் இவர்களோடு சேர்ந்து வாசித்தும் கோவா வித்வான்கள் ஜாஸ் சங்கீதத்தின் நுட்பங்களைக் கைக்கொண்டனர். ஸ்வர எழுத்து முன்னமே கைவந்திருந்தமையால் புதியதைக் கற்க அவர்களுக்கு நெடுங்காலம் பிடிக்கவில்லை.

அல்டோனா கிராமத்தில் 1916-இல் பிறந்தவர் அந்தோனியோ சேவியர் வாஸ். அவர் மெக்கானிக் ஆக வேண்டும் என்பதே தாயாரின் விருப்பம் என்று கூறுவர். பையனோ ஊர்ப்பள்ளியில் கற்ற சங்கீதத்தைப் பற்றிக்கொண்டு ட்ரம்பெட் ஊதலானார். சிக் சாக்லெட் என்ற மேடைப் பெயரோடு பாண்டுத் தலைவராகி, இந்தியாவின் லூயி ஆம்ஸ்ட்ராங் என்று பெயர் பெற்றார். ஸி. ராமச்சந்திராவுக்கு உதவியாளராக இருந்து, 1951-இல் வெளிவந்த அல்பேலா படத்தின் பாட்டுகளுக்குத் துள்ளலும் துடிப்பும் ஊட்டினார். அந்த ராமச்சந்திரா நமக்கும் அந்நியர் அல்லர். 1958-இல் வெளிவந்த வஞ்சிக்கோட்டை வாலிபனுக்கு இசையமைத்தவர் அவரே. சிக் சாக்லெட் 1967-இல் காலமானார்.

1906-இல் பிறந்த செபாஸ்டியன் டிசூஸா, லாகூரில் ஸ்டிஃபில்ஸ் ஹோட்டலில் பாண்டு நடத்தியவர். 1947-இல் நாடு பிளவுண்டது. லாகூரின் ஹோட்டல் வாழ்வு அதனோடு முடிந்தது. அவர் பம்பாய் வந்து சேர்ந்து, ஓ. பி. நய்யாருக்கும் சங்கர்-ஜெய்கிஷனுக்கும் வாத்திய அமைப்பாளராகப் பல்லாண்டு பணியாற்றினார். ஊர் மாறியது, எஜமானர் மாறினார்கள், சங்கீதத்தின் ஜாதியே மாறியது. கையில் இருந்த எழுத்து மட்டும் மாறவில்லை.

மிக்கி கொரியாவின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு இன்னும் நெருக்கமானது. அவர் கோவாவில் பிறந்தவர் அல்லர். 1913-இல் ஆப்பிரிக்காவின் மொம்பாஸாவில் பிறந்து கராச்சியில் வளர்ந்த, குடிபெயர்ந்த குடும்பத்துப் பிள்ளை. ஊர்த் தேவாலயப் பள்ளி அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் சங்கீதம் அக்குடும்பத்தோடு கடல் கடந்து சென்றிருந்தது. கராச்சியில் சகோதரர்களோடு குடும்பப் பாண்டு நடத்திய அவர், 1939 முதல் 1960 வரை இருபத்தோராண்டு தாஜ் ஹோட்டல் பாண்டின் தலைவராக விளங்கினார். பெற்றோரின் ஊரை விட்டு எங்கோ பிறந்த பிள்ளைக்கும் முன்னோர் வித்தை கைகூடும். அதற்கு வீடு முயன்றால் போதும் என்பதற்கு இவரினும் சிறந்த சான்று வேண்டுமோ?

இவ்வரிசையில் நாம் மிகவும் போற்றுபவர் அந்தோனி கொன்சால்வெஸ். 1927-இல் மஜோர்டா கிராமத்தில் பிறந்தார். அவருடைய தந்தையாரே அவ்வூர்த் தேவாலயத்தின் பாடகர் குழுவை நடத்திய மேஸ்திரி. 1943-இல், பதினாறு வயதில் பம்பாய் வந்த அந்தோனி, நௌஷாத்தின் கோஷ்டியில் பிடில் வாசித்தார். பின்னர் வாத்திய அமைப்பாளராக உயர்ந்தார். தந்தையாரின் வழியில் தாமும் பிறருக்குப் பாடம் சொன்னார். பியாரேலாலும் ஆர். டி. பர்மனும் அவரிடம் பயின்றவர்கள். 1958-இல் நூற்றுப்பத்து வித்வான்கள் கொண்ட இந்தியன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவை நிறுவி, செயின்ட் சேவியர் கல்லூரி முற்றத்தில் நம் ராகங்களை மேனாட்டு முறையில் இசைக்கச் செய்தார். லதா மங்கேஷ்கரும் மன்னா டேயும் அதில் பாடினார்கள்.

பெயர் பெறாத உழைப்பு

1949-இல் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் ஹோட்டல்களின் இராக்கேளிக்கை குன்றி, பாண்டுகளின் வருவாயும் குன்றியது. அப்போது சினிமா ஸ்டூடியோக்கள் கைகொடுத்தன. இசையமைப்பாளர் மெட்டைப் பாடிக் காட்டுவார். கோவா வித்வான் அதைக் கேட்ட மாத்திரத்தில் காகிதத்தில் எழுதிவிடுவார். மானேஜர் சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் பிடிக்கும் நம் ஸ்டெனோகிராபர்களை இது நினைவூட்டும். ஆனால் அவர் வேலை அதோடு முடியவில்லை. பாட்டின் நடுவே பிடில்கள் எங்கே எழும்ப வேண்டும், பாடகரின் குரலுக்குப் பின்னே எந்த எதிர் மெட்டு ஓட வேண்டும் என்பதையெல்லாம் அமைத்து, ஐம்பது அறுபது பேருக்கும் பகுதி பகுதியாக எழுதிக் கொடுத்தவரும் அவரே.

படத்தின் பெயர்ப் பட்டியலில் இசையமைப்பாளர் பெயர் பெரிய எழுத்தில் வரும். அமைப்பாளர் பெயர் உதவியாளர் என்று சிறிதாக வரும். சில வேளைகளில் வராமலும் போகும். வாசித்தவர்களின் பெயரோ அறவே இராது. நாடறிந்த பாட்டுகளுக்கு உருக்கொடுத்தவர்கள் நாடறியாமலே வாழ்ந்து மறைந்தனர். 1977-இல் அமர் அக்பர் அந்தோனி படத்துக்கு லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் இசையமைத்தபோது, பியாரேலாலின் குருவான அந்தோனி கொன்சால்வெஸின் பெயர் ஒரு பாட்டில் இடம்பெற்றது. நாடெங்கும் அப்பெயரைப் பாடிச் சிரித்தனர். அப்படி ஒரு மனிதர் மெய்யாகவே இருக்கிறார் என்பதை அறிந்தவர் சிலரே. அவரோ சினிமாவை விட்டு விலகி மஜோர்டாவில் அமைதியாக வாழ்ந்து, 2012-இல் காலமானார்.

அந்த வாழ்வை நாம் பொன்முலாம் பூசிக் காட்ட விரும்பவில்லை. மாதச் சம்பளமும் விடுமுறையும் உடைய நமக்கு, கூப்பிட்டால்தான் கூலி என்ற வித்வானின் நிலைமை எளிதில் விளங்காது. இராக்கண் விழிப்பு, முதுமைக்குச் சேமிப்பின்மை, பின்னாளில் ஐம்பது பேர் வேலையை ஒரே மின்னணுப் பெட்டி செய்யத் தொடங்கியமை ஆகிய துன்பங்கள் யாவும் அவர்களைச் சூழ்ந்தன. நாம் பெயர் சொல்லிப் பாராட்டிய தலைவர்களுள் பெண் ஒருவரும் இல்லை என்பதும் குறையே. கற்பிக்கும் வாயில் எவருக்குத் திறந்திருக்கிறதோ, அவர்களிலிருந்தே தலைவர்கள் தோன்றுவார்கள்.

நமக்குள்ள செய்தி

இனி நம் வீட்டுக்கு வருவோம். ‘பிள்ளைகளைப் பாண்டு வாசிக்க அனுப்பச் சொல்கிறீரா?’ என்று வாசக அன்பர்கள் வினவலாம். நாம் சொல்ல வந்தது அதுவன்று.

வெளிமாநிலத்தில் பிறந்து வளரும் நம் பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள். பாட்டி சொல்வதைப் புரிந்துகொள்கிறார்கள். சினிமாப் பாட்டைப் பிழையின்றிப் பாடவும் செய்கிறார்கள். ஆனால் இந்தப் பத்திரிகையை அவர்கள் கையில் கொடுத்தால் முதல் வரியைப் படிக்க வல்லவர் எத்தனை பேர்? தமிழ் அவர்களுக்குக் காதோடு நின்றுவிட்டது. கண்ணுக்கு வந்து சேரவில்லை. நாம் நம் வீட்டுக் கூடத்தைப் பார்த்தே இதனை எழுதுகிறோம்.

காதால் மட்டும் கற்றவன் தான் கேட்டதைத் திருப்பிச் சொல்வான். எழுத்தைக் கற்றவன் தான் கேளாததையும் படிப்பான். தன் மனத்தில் தோன்றியதை எழுதிப் பிறர் கையில் கொடுப்பான். கோவாவின் மேஸ்திரிகள் தம் மாணவருக்குக் கொடுத்தது இந்தச் சக்தியே. அதனால் என்ன விளையும் என்று அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. ‘தமிழ் படித்து இந்த ஊரில் என்ன வேலை கிடைக்கும்?’ என்று கேட்கும் பெற்றோர் நம்மிடையே உண்டு. மஜோர்டாவின் மேஸ்திரியிடம், ‘இந்தக் கோடும் புள்ளியும் சோறு போடுமா?’ என்று எவரேனும் கேட்டிருந்தால் அவர் என்ன விடை கூறியிருக்க முடியும்?

நம் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, சென்னையிலிருந்து வித்வான்களை வரவழைத்து, விமரிசையாகக் கொண்டாடுகின்றன. அது வேண்டாம் என்று நாம் கூறவில்லை. விழா முடிந்த மறுநாள் பந்தல் பிரிக்கப்படும். ஞாயிறுதோறும் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியருக்குத் தக்க சம்பளமும், பிள்ளைகள் அமர ஒரு நிலையான அறையும் வைத்துக்கொடுத்தால், அதன் பலன் ஒரு தலைமுறைக்கு நிற்கும். விழாச் செலவில் ஒரு பங்கை அதற்கென ஒதுக்குமாறு சங்க நிர்வாகிகளை வேண்டுகிறோம். பெற்றோரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரத்தை அதற்கென விட்டுவைக்க வேண்டும். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேற்றுமை பாராது அனுப்ப வேண்டும்.

அகர வரிசையைக் கற்கும் பிள்ளைகள் நாளை அதனைக் கொண்டு எதைச் சாதிப்பார்கள் என்பது நமக்குத் தெரியாது. எழுத்தைக் கொடுப்பது நம் கடமை. அதனைக் கொண்டு என்ன எழுதுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.